காப்பும் சிறுதேரும்

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியை அவசரமின்றிப் பார்த்தவர்கள். மூன்றாந் திங்கள் தொடங்கி இருபத்தோராந் திங்கள் வரையுள்ள காலத்தைப் பத்துப் பருவங்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய செயலையும் குறித்து வைத்தார்கள். அவ்வரிசையில் முதலாவது காப்புப் பருவம். குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டுவது அது. தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரையும், கைகொட்டும் சப்பாணியும், தளர்நடையிட்டு வரும் வாரானையும் அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவம் சிறுதேர். காப்பில் தொடங்கித் தேரில் முடியும் இவ்வரிசையைப் படிக்குந்தோறும், குழந்தை தேரைத் தொடுவதற்கு முன் அதற்கு எத்தனை காவலும் எத்தனை பொறுமையும் வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்றே எனக்குத் தோன்றும்.

இன்றைய குழந்தைக்கு இந்த வரிசை குலைந்துவிட்டது. பிறந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அது தேரேறி விடுகிறது. வைத்தியசாலை வாயிலிலே காத்து நிற்கும் மோட்டார் வண்டிதான் அதன் முதல் தேர். அது சிறுதேரும் அன்று. ஆயிரம் கிலோகிராம் நிறையோடு வீதியிற் பாயும் பெருந்தேர். ஆகவே காப்புப் பருவமும் தேர்ப் பருவமும் ஒரே நாளில் வந்து சேர்ந்துவிட்டன. இத்தேரில் ஏறும் பிள்ளைக்குக் காப்பு யாது என்று நம்மவரைக் கேட்டால், பெரும்பாலோர் தயங்காமற் சொல்லும் விடை "தாயின் மடி" என்பதே. அன்பிலே பிறந்த விடை அது. ஆயினும் பிழையான விடை. அது ஏன் பிழையாயிற்று என்பதையும், சரியான காப்பாகிய குழந்தை ஆசனத்தைத் தெரிவதும் கையாள்வதும் எவ்வாறு என்பதையும், நெடுங்காலம் விஞ்ஞானம் கற்பித்த ஓர் ஆசிரியன் என்ற முறையில் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மடியின் வலிமை எவ்வளவு?

சடத்துவம் என்னும் பாடத்தை நாம் எல்லோரும் கீழ்வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஓடும் பஸ் திடீரென நின்றால் உள்ளே நிற்பவர் முன்னே சாய்கிறார். பஸ் நின்றதேயன்றி அவருடல் நிற்கவில்லை. அவருடலை நிறுத்துவதற்கு வேறொரு விசை வேண்டும். அவர் கம்பியைப் பற்றியிருந்தால் அந்த விசையைக் கை கொடுக்கும். பற்றாதிருந்தால் முன்னே நிற்பவரின் முதுகு கொடுக்கும்.

மோட்டார் வண்டியிலும் இதே விதிதான். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம் என்பது நகர வீதிகளில் எவரும் அஞ்சாத வேகம். அவ்வேகத்தில் வரும் வண்டி ஒரு மதிலில் மோதுகிறது என்று கொள்வோம். வண்டியின் முற்பாகம் நசுங்கி, ஏறத்தாழ அறுபது சென்ரிமீற்றர் தூரத்துள் வண்டி நின்றுவிடுகிறது. இதற்கு ஆகும் காலம் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கிலும் குறைவு. மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்: அப்போது உண்டாகும் அமர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலைப்போல் ஏறத்தாழ 16 மடங்கு. பத்துக் கிலோகிராம் நிறையுள்ள ஒரு வயதுக் குழந்தையை அக்கணத்தில் இருந்த இடத்திலேயே இருத்தி வைக்க வேண்டுமாயின், 160 கிலோகிராம் சுமையைத் தாங்கும் விசை வேண்டும். மூன்று அரிசி மூடைகளை, அதுவும் முன்னறிவிப்பின்றி, கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டு கைகளாற் பிடித்து நிறுத்துவதற்கு ஒப்பான செயல் அது. எந்தத் தாயாலும் ஆகாது. எந்த மல்லனாலும் ஆகாது.

இதனை வேறொரு வகையாகவும் சொல்லலாம். 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவது ஏறத்தாழப் பத்து மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, நிலத்தில் விழுவதற்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் விழும் உயரம் நான்கு மடங்காகும். நமது தெற்கு அதிவேக வீதி 2011 நவம்பரில் திறக்கப்பட்டது. இத்தகைய வீதிகளில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு செல்பவர், நாற்பது மீற்றர் உயரத்து மேன்மாடத்தின் விளிம்பிலே, தடுப்புச் சுவரின்றிக் குழந்தையோடு நிற்பவரை ஒத்தவர்.

இன்னொன்று சொல்ல மனம் கூசுகிறது. ஆயினும் சொல்லியே ஆகவேண்டும். தாய் ஆசனப் பட்டி அணிந்திருந்தால் குழந்தை அவள் கையை விட்டுப் பறந்துவிடும். அவள் பட்டி அணியாதிருந்தால் அவளுடலும் முன்னே பாயும். அப்போது முன்னுள்ள ஆசனத்துக்கோ வண்டியின் முற்பலகைக்கோ தாயின் உடலுக்கோ இடையில் அகப்படுவது குழந்தைதான். தாயையும் பிள்ளையையும் ஒரே பட்டியாற் சுற்றிக் கட்டினாலும் முடிவு அதுவே. காப்பதற்கென்று அணைத்த உடலே நசுக்கும் உடலாகி விடுகிறது.

சட்டத்தில் நுழைந்த மடி

மடியின் மீதுள்ள இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலே றொபேர்ட் சாண்டர்ஸ் என்னும் குழந்தை மருத்துவர் இருந்தார். மேர்பிரீஸ்பரோ என்னும் ஊரிற் பணியாற்றிய அவர், நோயாற் சாகாத பிள்ளைகள் வீதியிற் சாவதைப் பொறுக்கமாட்டாமல், குழந்தைகளுக்கு ஆசனம் கட்டாயம் என்று சட்டம் வேண்டிப் போராடினார். அவருடைய முயற்சியால் 1977இல் அம்மாநிலச் சட்டமன்றம் அச்சட்டத்தை நிறைவேற்றியது. 1978 சனவரி முதலாம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. குழந்தை ஆசனத்தைக் கட்டாயமாக்கிய அமெரிக்க மாநிலங்களுள் டென்னசியே முதலாவது.

ஆனால் சட்டமன்றத்தார் அதில் ஒரு விதிவிலக்கைச் சேர்த்துவிட்டனர். பெரியவர் ஒருவரின் கைகளிலே இருக்கும் குழந்தைக்கு ஆசனம் வேண்டுவதில்லை என்பதே அவ்விலக்கு. அவர்கள் குழந்தைகளின் பகைவர் அல்லர். தாயின் அணைப்பைக் காட்டிலும் ஒரு நெகிழித் தொட்டில் எப்படி மேலாகும் என்று நம் வீட்டுப் பாட்டிமார் கேட்பதையே அவர்களும் கேட்டனர். சாண்டர்ஸ் அவ்விலக்கைக் குழந்தையை நசுக்கும் விலக்கு என்றே பெயரிட்டு அழைத்தார். சான்றுகளைக் காட்டி விடாது வாதாடினார். 1981இல் அவ்விலக்கு நீக்கப்பட்டது. 1985 ஆவதற்குள் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது.

பயன் என்ன? அமெரிக்க வீதிப் பாதுகாப்புத் துறையினரின் மதிப்பீட்டின்படி, முறையாகப் பயன்படுத்தப்படும் ஆசனம் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயிரிழப்பு அபாயத்தை நூற்றுக்கு 71 பங்கும், அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைகளின் அபாயத்தை நூற்றுக்கு 54 பங்கும் குறைக்கிறது. எத்தனையோ தடுப்பு மருந்துகளோடு ஒப்பிடத்தக்க பயன் இது.

முதுகு காட்டி இருத்தல்

ஆசனம் என்றதும் குழந்தையை நம்மைப்போல் முன்னோக்கி இருத்துவதே இயல்பு என்று நினைக்கத் தோன்றும். இந்நினைப்பை மாற்றியவர் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பேர்ட்டில் அல்ட்மன். அமெரிக்க விண்வெளி வீரர்கள் மேலெழும்போது மல்லாந்து கிடந்து, அவ்விசையை முதுகு முழுவதாலும் தாங்கினர். அதனைக் கண்டு, குழந்தைக்கும் அதுவே வழி என்று அவர் சிந்தித்தார். 1964இல் பின்னோக்கிய குழந்தை ஆசனத்தின் முன்மாதிரி வொல்வோ வண்டியொன்றிற் சோதிக்கப்பட்டது.

இதன் காரணம் குழந்தையின் உடலமைப்பிலேயே இருக்கிறது. வளர்ந்தவரின் உயரத்தில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான் தலை. பச்சிளங் குழந்தைக்கோ நான்கில் ஒரு பங்கு தலை. அப்பெருந்தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முற்றாத கசியிழையங்களால் இணைக்கப்பட்டிருக்கின்றன. செங்கீரை ஆடும் குழந்தை தலையை நிமிர்த்துவதைக் கண்டு கழுத்து உறுதியாகிவிட்டது என்று மகிழ்கிறோம். நிமிர்த்துவதற்கு அது போதும். மோதலைத் தாங்குவதற்குப் போதாது. முன்னோக்கி இருக்கும் குழந்தையின் உடலை வார்கள் பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னே எறியப்படும். முழு விசையும் கழுத்தில் இறங்கும். பின்னோக்கி இருந்தாலோ தலையும் கழுத்தும் முதுகும் ஒருசேர ஆசனத்தின் முதுகுப்புறத்தில் அழுந்த, விசை எங்கும் பரவிவிடும்.

பருவத்துக்கு ஓர் ஆசனம்

பிள்ளைத்தமிழிற் போலவே இங்கும் பருவங்கள் உண்டு. அவற்றை அளப்பது திங்களால் அன்று. பிள்ளையின் நிறையாலும் உயரத்தாலும்.

முதற் பருவம் பின்னோக்கிய ஆசனம். ஐக்கிய நாடுகளின் 129ஆம் இலக்க ஒழுங்குவிதி 2013இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி செய்யப்படும் ஆசனங்களில் 15 மாதம் நிறையும் வரை குழந்தை பின்னோக்கியே இருக்கவேண்டும். அது மிகக் குறைந்த எல்லை. ஆசனம் இடங்கொடுக்கும் வரை பின்னோக்கியே இருத்துக என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018இல் வெளியிட்ட அறிவுரை. சுவீடனில் நான்கு வயதுவரை அவ்வாறு இருத்தும் வழக்கம் உண்டு. பிள்ளையின் கால் மடங்கியிருக்கிறதே என்று இரங்க வேண்டியதில்லை. சப்பாணி கொட்டும் பருவத்துப் பிள்ளைக்குக் கால் மடக்கியிருப்பது துன்பமன்று.

இரண்டாம் பருவம் முன்னோக்கிய ஆசனம். தோள்கள், இடுப்பின் இருபுறம், கால்களின் நடு என ஐந்து முனைகளிற் பிடிக்கும் வார்களால் பிள்ளையைக் கட்டி இருத்துவது அது. மூன்றாம் பருவம் பூஸ்டர் எனப்படும் உயர்த்தும் ஆசனம். மணைபோலப் பிள்ளையை உயர்த்தி, பெரியவர்க்கென்று அமைத்த பட்டி அதன் உடலிற் சரியான இடத்திற் படியும்படி செய்வதே இதன் வேலை. நான்காம் பருவத்திலேதான் வண்டியின் பட்டி மட்டும் போதுமானது.

கடைசிப் பருவத்துக்கு அவசரப்படுவோர் பலர். பிள்ளை பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் இனி ஆசனம் எதற்கு என்று எண்ணுகின்றனர். ஆனால் பெரியவர் பட்டி ஏறத்தாழ 145 முதல் 150 சென்ரிமீற்றர் உயரமுள்ள உடலுக்கே பொருந்தும். அதனிற் குறைந்த பிள்ளைக்குக் கீழ்ப்பட்டி இடுப்பெலும்பிற் படியாமல் வயிற்றில் ஏறிவிடும். மேற்பட்டி தோளிற் படியாமல் கழுத்தை அறுக்கும். மோதலின்போது வயிற்றின் உள்ளுறுப்புகளும் முள்ளந்தண்டும் சிதைவதற்கு இதுவே காரணம். ஆதலால் யேர்மனியில் பன்னிரண்டு வயது அல்லது 150 சென்ரிமீற்றர் உயரம் வரையும், பிரித்தானியாவில் பன்னிரண்டு வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரையும் ஆசனம் கட்டாயமாக இருக்கிறது. பிள்ளையின் முதுகு ஆசனத்தின் பின்புறத்தைத் தொட்டிருக்க, முழங்கால் ஆசன விளிம்பில் இயல்பாக மடங்க, கீழ்ப்பட்டி தொடைகளின் மேலாக இடுப்பிலும் மேற்பட்டி தோளின் நடுவிலும் படிந்து, பயணம் முழுவதும் பிள்ளை அவ்வாறே இருக்குமானால், பூஸ்டரை விடும் காலம் வந்தது எனலாம்.

எதனை வாங்குவது?

விலை உயர்ந்ததே சிறந்தது என்பது உண்மையன்று. பிள்ளைக்குப் பொருந்துவது, வண்டிக்குப் பொருந்துவது, ஒவ்வொரு பயணத்திலும் பிழையின்றிப் பூட்டத்தக்கது என்னும் மூன்று தகுதியும் உடையதே சிறந்த ஆசனம். கடைக்குச் செல்பவர் முதலிற் பார்க்க வேண்டியது ஆசனத்தில் ஒட்டியிருக்கும் சிட்டையை. வட்டத்துள் ஆங்கில 'ஈ' எழுத்துப் பொறித்த செம்மஞ்சட் சிட்டை இருந்தால், அது ஐக்கிய நாடுகளின் 44ஆம் அல்லது 129ஆம் இலக்க விதிப்படி சோதிக்கப்பட்டது என்பது பொருள். பழைய 44ஆம் இலக்க ஆசனங்களின் விற்பனை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டெம்பரோடு நிறுத்தப்பட்டது. ஆதலால் புதிதாக வாங்குவோர் 129ஐத் தேடுவதே நன்று. அமெரிக்க ஆசனமாயின் அந்நாட்டு 213ஆம் இலக்கத் தரத்துக்கு இணங்கியது என்று எழுதப்பட்டிருக்கும். எச்சிட்டையும் இல்லாத பஞ்சணைகளும் துணிக்கட்டுகளும் ஆசனத்தின் உருவங்கொண்ட விளையாட்டுப் பொருள்களே.

பழைய ஆசனம் ஆகாது என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். அதன் வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்றே சொல்வேன். விபத்தொன்றிற் சிக்கிய ஆசனம் வெளிக்கு நன்றாகவே தோன்றும், உள்ளே வெடித்திருக்கும். நெகிழியும் வெயிலில் நாளடைவில் உறுதி குன்றும். ஆதலால் பல ஆசனங்களிற் காலாவதித் திகதி பொறிக்கப்பட்டிருக்கும். அக்காளின் பிள்ளை இருந்து வளர்ந்த ஆசனம் தங்கையின் பிள்ளைக்கு வரலாம்; யார் இருந்தது என்று தெரியாத சந்தை ஆசனம் வரலாகாது.

பூட்டும் முறை

நல்ல ஆசனத்தை வாங்கிவிட்டால் காரியம் முடிந்தது என்பதும் தவறு. 2011இல் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஒரு பேராய்வில், ஆசனங்களில் நூற்றுக்கு 46 ஏதோ ஒரு வகையிற் பிழையாகப் பயன்படுத்தப்பட்டமை தெரியவந்தது. கனடாவில் என் மகளின் பேறுகாலத்தில் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். குழந்தை பிறப்பதற்குச் சில வாரங்களின் முன்பே மருமகன் ஆசனத்தை வண்டியிற் பூட்டி, ஒரு பொம்மையை அதில் இருத்தி, கழற்றியும் கட்டியும் பழகிக்கொண்டிருந்ததைக் கண்டேன். முதலில் நகைப்பாக இருந்தது. அவர் தந்த கைந்நூலை வாங்கிப் படித்த பின்னர்தான் அப்பயிற்சியின் அருமை விளங்கிற்று. வைத்தியசாலையை விட்டுப் புறப்படும் நாளில், ஆசனம் ஆயத்தமா என்று தாதி வினாவியபோது அவர் முகத்தில் சிறிதும் பதற்றம் இருக்கவில்லை. அக்கைந்நூலிலும் வேறு நூல்களிலும் கற்றவற்றுள் முதன்மையானவற்றைத் தருகிறேன்.

ஆசனத்தின் இடம் வண்டியின் பின்வரிசை. முன்னாசனத்துக் காற்றுப்பை வேலை செய்யும் நிலையில் இருக்கும்போது பின்னோக்கிய ஆசனத்தை அங்கே வைப்பது கொலைக்கு ஒப்பானது. மணிக்கு 300 கிலோமீற்றர் அளவு வேகத்தில் விரியும் அப்பை, ஆசனத்தின் முதுகுப்புறத்திலே, அதாவது குழந்தையின் தலைக்கு நேரே, மோதும். 1990களில் அமெரிக்காவில் இவ்வாறு குழந்தைகள் இறந்த பின்னரே எச்சரிக்கைச் சிட்டைகள் எங்கும் ஒட்டப்பட்டன.

ஆசனத்தை வண்டியோடு பிணைப்பதற்கு வழி இரண்டு. ஒன்று வண்டியின் பட்டி. மற்றது ஐசோபிக்ஸ் எனப்படும் உலோகக் கொளுவிகள். எதுவாயினும், பூட்டிய பின் பட்டி செல்லும் இடத்தைப் பிடித்து அசைத்துப் பார்க்கவேண்டும். எப்பக்கமும் இரண்டரைச் சென்ரிமீற்றருக்கு மேல் அசைந்தால் பிணைப்புப் போதாது. முன்னோக்கிய ஆசனத்துக்கு மேலே ஒரு நாடா இருந்தால் அதனையும் வண்டியிலுள்ள கொளுவியில் மாட்டி இறுக்கவேண்டும். தலை முன்னே வீசப்படும் தூரத்தை அது பத்துச் சென்ரிமீற்றருக்கும் மேலாகக் குறைக்கும்.

தோள் வார்கள் பின்னோக்கி இருக்கும் பிள்ளைக்குத் தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்து வரவேண்டும். முன்னோக்கி இருக்கும் பிள்ளைக்குத் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ இருந்து வரவேண்டும். இறுக்கிய பின் தோளருகே வாரை இரு விரல்களாற் கிள்ளிப் பார்க்க, மடிப்பு அகப்படுமாயின் இன்னும் தளர்வு உண்டு என்பது பொருள். குளிர்நாட்டிலே தடித்த மேலங்கியோடு பிள்ளையைக் கட்டுதல் ஆகாது. மோதலில் அங்கி அமுங்க, வார் தளர்ந்துவிடும். நம் நாட்டிலே பிள்ளையைத் துவாயிற் சுற்றி அதன்மேல் வாரைப் பூட்டுவதும் அத்தகைய பிழையே. வாரை முதலிற் பூட்டுக. போர்வையைப் பின்னர் மேலே போர்த்துக.

பச்சிளங் குழந்தையின் ஆசனம் ஏறத்தாழ 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் தலை முன்னே கவிழ்ந்து மோவாய் மார்பிற் படிய, மூச்சு வழி அடைபடும். இதே காரணத்தால் வீட்டுக்கு வந்தபின் குழந்தையை அவ்வாசனத்திலேயே உறங்க விடலாகாது. வெயிலில் நின்ற வண்டியின் உலோகக் கொளுக்கி பிள்ளையின் தொடையைச் சுட்டுவிடும். தொட்டுப் பார்த்தே பூட்டவேண்டும். மூடிய வண்டியின் உள்வெப்பம் பத்து நிமிடத்தில் ஏறத்தாழப் பத்துப் பாகை உயரும். ஆகையால் உறங்கும் பிள்ளையை எழுப்ப மனமின்றி வண்டியில் விட்டுக் கடைக்குச் செல்லுதல் ஒருபோதும் கூடாது.

நம் வீதியில்

இவையெல்லாம் வெளிநாட்டார்க்கு உரியவை என்று கருதுவோர் உண்டு. ஒரு நல்லூர்த் திருவிழாக் காலத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த என் மருமகள் குடும்பத்தை வரவேற்கக் கட்டுநாயக்காவுக்குச் சென்றிருந்தேன். தமது நாட்டில் அடுத்த தெருவுக்குச் செல்வதாயினும் பிள்ளையை ஆசனத்தில் இறுக்கிக் கட்டுபவர்கள் அவர்கள். இங்கே வாடகை வானில் ஏறியதும், ஒன்றரை வயதுப் பிள்ளையை மடியிற் கிடத்திக்கொண்டு, யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இரவுப் பயணத்துக்கு ஆயத்தமாயினர். ஆசனம் கொண்டுவரவில்லையா பிள்ளை என்று கேட்டேன். "இஞ்சை ஆர் மாமா பிடிக்கப் போறாங்கள்?" என்றாள் அவள். அருகிலிருந்த மச்சாளும் விட்டுக்கொடுக்கவில்லை. "நாங்கள் எல்லாரும் மடியிலை இருந்து வளர்ந்தனாங்கள்தானே அத்தான்," என்றார்.

இரு வாக்கியங்களும் நீண்ட நாள் என் மனத்திற் கிடந்தன. பொலிஸார் பிடிப்பதற்காகவே ஆசனம் என்றால், பொலிஸார் இல்லாத இடத்தில் அது வேண்டுவதில்லைதான். ஆனால் சடத்துவ விதி எந்தச் சட்டமன்றமும் இயற்றியதன்று. விமான நிலையத்தில் அது கடவுச்சீட்டுக் கேட்டு நின்றுவிடுவதுமில்லை. மச்சாள் சொன்னதற்கு விடை கூறுவது இன்னும் கடினம். அன்றிரவு வான் நலமாகவே போய்ச் சேர்ந்தது. பெரும்பாலான வான்கள் நலமாகவே போய்ச் சேருகின்றன. நலமாகச் சேர்ந்த ஒவ்வொரு பயணமும் மடி போதும் என்று நமக்குப் பொய்ப் பாடம் கற்பிக்கிறது. மடியிலே இருந்து வளர்ந்தவர்கள் வந்து சாட்சி சொல்லுகிறார்கள். வளராமற் போனவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை.

நம் நாட்டில் வண்டியின் முன்னாசனத்தார் பட்டி அணிதல் 2011இற் கட்டாயமாக்கப்பட்டது. பெரியவர்க்கு ஒரு நீதியும் பிள்ளைக்கு ஒரு நீதியுமாக நாம் நடத்தல் தகுமோ? நம் வீதிகளில் ஓடும் கார்களிற் பல யப்பானிலிருந்து வந்தவை. அந்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 2000 ஏப்ரல் முதல் ஆசனம் கட்டாயம். வண்டியைத் தருவித்த நாம், அதனோடு சேரவேண்டிய ஒழுக்கத்தைத் தருவிக்கவில்லை.

முச்சக்கர வண்டியிலும் மோட்டார்ச் சைக்கிளிலும் பிள்ளைகளைக் கொண்டுசெல்லும் குடும்பங்களை நோக்கி, ஆசனம் வாங்குக என்று உபதேசிக்க எனக்கு உரிமையில்லை. அவ்வண்டிகளில் இத்தகைய ஆசனத்தைப் பூட்டுவதற்கு இடமே இல்லை. வசதி வாய்த்தபோது பஸ்ஸையோ புகையிரதத்தையோ நாடுவதும், வேகத்தைக் குறைப்பதுமே அவர்களுக்குள்ள வழி. ஆனால் கார் வாங்கும் ஆற்றல் உடையோர்க்கு இச்சாக்கு இல்லை. வெளிநாட்டு உறவினர்க்கும் இல்லை. பல விமான சேவைகள் குழந்தை ஆசனத்தைத் தனிக் கட்டணமின்றி ஏற்றுகின்றன. அவர்கள் கொண்டுவரும் இனிப்புப் பொதிகளுக்குப் பதிலாக ஓர் ஆசனத்தைக் கொண்டுவந்து, வரலாறு தெரிந்த அதனை இங்குள்ள உறவினரின் பிள்ளைக்கு விட்டுச் செல்வார்களாயின், அதனினும் நல்ல பரிசு வேறில்லை. வாடகை வான் பேசுவோரும், கட்டணத்தைக் கேட்குமுன், பின்வரிசையில் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் பட்டி உண்டோ என்று கேட்கப் பழகவேண்டும். இடுப்புப் பட்டி மட்டுமுள்ள இடத்திற் பூஸ்டர் பயன்படாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சடத்துவத்தையும் உந்தத்தையும் கற்பிக்கும்போது குவளையும் நாணயமும் போதும் என்று விட்டுவிடாமல், 50 கிலோமீற்றர் வேகத்து வண்டியையும் பத்துக் கிலோகிராம் குழந்தையையும் கணக்காகக் கொடுங்கள். விடையாக வரும் எண்ணை மாணவர் வீட்டுக்குக் கொண்டு செல்லட்டும். தம்பியையோ தங்கையையோ மடியில் வைத்திருக்கும் தாயிடம் அவர்கள் அதனைச் சொல்வார்கள். நூறு சுவரொட்டிகள் செய்யாத வேலையை அந்த ஒரு கணக்குச் செய்துவிடும்.

தாய்மடிக்கு இதனால் இழுக்கு ஒன்றுமில்லை. பாலூட்டவும், தாலாட்டவும், அம்புலியைக் காட்டவும் மடியைப்போல் வேறிடம் உண்டோ? வண்டி நின்ற பின் குழந்தையை வாரியெடுத்துக்கொள்ளும் உரிமை அம்மடிக்கே உண்டு. வண்டி ஓடும்போது மட்டும் தாய் அதன் பக்கத்தில் அமர்ந்து, கையைப் பிடித்துக்கொள்ளட்டும். அழுதால் பாடட்டும், அழுகை நிற்காவிட்டால் வண்டியை ஓரமாக நிறுத்தித் தூக்கட்டும். புறப்படுமுன் ஒரு நிமிடம் செலவிட்டு வாரை இறுக்கி, தோளிலே கிள்ளிப் பார்ப்பதும் ஒரு காப்புத்தான்.